கேள்வி–பதில்: ஷெல் ஸ்கிரிப்ட்டும் முனையத் திரையும்

கட்டளைகளைப் படித்து ஓட்டும் நிரலான ஷெல்லுக்கு ஸ்கிரிப்ட் எழுதும் வாசகர்கள் பலர், திரையில் நிறம் காட்டுவது, கர்சரை நகர்த்துவது, ஓடிக்கொண்டிருக்கும் வேலையின் நிலவரத்தை ஒரே வரியில் புதுப்பிப்பது ஆகியவை பற்றிக் கேட்டு எழுதியிருக்கிறார்கள். தொடர்புடைய கேள்விகளை இங்கே ஒன்றாகத் தொகுத்து விடையளிக்கிறேன். கட்டளைப் பெயர்களை ஒலிப்பின்படி எழுதி, ஐயம் எழக்கூடிய இடங்களில் எழுத்துக்கூட்டியும் காட்டியிருக்கிறேன்.

கேள்வி: ஒரு ஸ்கிரிப்ட்டில் நிறத்துக்காக \033[31 என்று தொடங்கும் குறிகள் நிறைந்திருக்கின்றன. இன்னொன்றில் அதே வேலைக்கு டிபுட் கட்டளை பயன்படுகிறது. இரண்டும் ஒன்றுதானா? எதைப் பின்பற்றுவது?

பதில்: கட்டளைகளைத் தட்டச்சு செய்து வெளியீட்டைக் காணும் திரையான முனையத்துக்கு (டெர்மினல்) ஸ்கிரிப்ட் அனுப்புவது பைட்டுகளை மட்டுமே. காட்ட வேண்டிய எழுத்துகளும், திரை செய்ய வேண்டிய வேலைகளும் ஒரே வழியில் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்ச் சேருகின்றன. 27 என்ற எண்ணுடைய எஸ்கேப் எழுத்து வந்ததும், அடுத்து வருவது காட்டுவதற்கானது அன்று, செய்வதற்கானது என்று முனையம் எடுத்துக்கொள்கிறது. 27ஐ, 8ஐ அடியாகக் கொண்ட எண்ம முறையில் எழுதினால் 33. ஆகவேதான் ஸ்கிரிப்ட்டுகளில் \033 என்று காண்கிறீர்கள். அதன் பின் இடச் சதுர அடைப்பு, சில எண்கள், இறுதியில் ஓர் ஆங்கில எழுத்து வரும். என்ன வேலை என்பதை அந்த இறுதி எழுத்தே சொல்கிறது. \033[31 என்பதன் பின் சிறிய எம் வந்தால் எழுத்துகள் சிவப்பாகும்; \033[5;10 என்பதன் பின் பெரிய எச் வந்தால் கர்சர் 5ஆம் வரி, 10ஆம் நெடுவரிசைக்குப் போகும்; \033[2 என்பதன் பின் பெரிய ஜே வந்தால் திரை முழுதும் அழியும், ஆனால் கர்சர் இருந்த இடத்திலேயே நிற்கும்.

இந்தக் குறிகள் எப்போதும் இப்படிப் பொதுவாக இருந்ததில்லை. டிஜிட்டல் எக்விப்மென்ட் கார்ப்பரேஷனின் விடி52 முனையத்தில் கர்சரை நகர்த்த எஸ்கேப்புக்குப் பின் பெரிய ஒய் எழுத்தை அனுப்பி, வரி எண்ணோடும் நெடுவரிசை எண்ணோடும் 32 சேர்த்து, அவற்றுக்குரிய எழுத்துகளை அனுப்ப வேண்டியிருந்தது. வேறு நிறுவன முனையங்கள் வேறு குறிகளை எதிர்பார்த்தன. ஒரே நிரல் எல்லா முனையங்களிலும் ஓட வேண்டும் என்ற தேவையால், விஐ எடிட்டரை உருவாக்கிய பில் ஜாய், முனையங்களின் திறன்களைப் பட்டியலிடும் டெர்ம்கேப் என்ற தரவுத்தொகுப்பை 1978இல் உருவாக்கினார். அதே ஆண்டில் வெளிவந்த விடி100 முனையம் ஆன்சி என்ற அமெரிக்கத் தர நிறுவனத்தில் அன்று உருவாகிவந்த தரத்தின் குறிகளைப் பின்பற்றியது. இன்று நாம் சன்னலில் திறக்கும் முனைய நிரல்கள் பெரும்பாலும் அந்த விடி100இன் வழிவந்தவை. டெர்ம்கேப்புக்குப் பின் மார்க் ஹார்டன் உருவாக்கிய டெர்மின்ஃபோ வந்தது. அதைப் படித்துச் சொல்லும் கட்டளைதான் டி, பி, யூ, டி என்று நான்கு எழுத்துகளில் எழுதப்படும் டிபுட்.

ஆகவே நேரடிக் குறி எழுதும்போது, எதிரே இருக்கும் முனையத்துக்கு அது புரியும் என்று நீங்களே முடிவு கட்டுகிறீர்கள். டிபுட்டைப் பயன்படுத்தும்போது, முனைய வகையின் பெயரை வைத்திருக்கும் டெர்ம் என்ற சூழல் மாறியைப் பார்த்து அந்த முனையத்துக்கு உரிய குறி எது என்று கேட்டு அனுப்புகிறீர்கள். நான் டிபுட்டையே பரிந்துரைக்கிறேன். இன்றைய முனையங்களில் பெரும்பாலானவை ஒரே குறிகளை ஏற்கின்றன என்பது உண்மைதான். ஆனால் நிறமே இல்லாத முனையத்தில் டிபுட் எதையும் அனுப்பாமல் விட்டுவிடும், நேரடிக் குறியோ அங்கே குப்பையாக விழக்கூடும். 'டிபுட் கலர்ஸ்' என்று கேட்டால், 8 அல்லது 256 என்று நிற எண்ணிக்கையைச் சொல்லும். நிறமில்லாத முனையத்துக்கு –1 என்று சொல்லும்.

மாறிச் செல்வோர் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. நேரடிக் குறியில் வரிகளும் நெடுவரிசைகளும் 1இல் தொடங்குகின்றன. டிபுட்டின் 'கப்' கட்டளையில் 0இல் தொடங்குகின்றன. மேலே சொன்ன 5ஆம் வரி, 10ஆம் நெடுவரிசைக்கு 'டிபுட் கப் 4 9' என்று எழுத வேண்டும்.

டிபுட்டை அழைக்கும் ஒவ்வொரு முறையும் ஒரு புதிய நிரல் தொடங்கி முடிகிறது என்பதையும் மறக்கக் கூடாது. ஆயிரம் முறை சுற்றும் சுழற்சிக்குள் அதை வைத்தால் வேகம் குறைவது கண்ணுக்கே தெரியும். ஸ்கிரிப்ட்டின் தொடக்கத்தில் ஒருமுறை அழைத்து, கிடைக்கும் குறிகளைச் சிவப்பு, தடிமன், மீட்பு எனத் தனித்தனி மாறிகளில் வைத்துக்கொண்டு, பிறகு மாறிகளையே அச்சிடுங்கள்.

கேள்வி: எக்கோ கட்டளையை மைனஸ் ஈ விருப்பத்துடன் எழுதி நிறம் காட்டுகிறேன். ஒரு கணினியில் சரியாக வருகிறது; இன்னொன்றில் அந்த மைனஸ் ஈ-யும் சேர்ந்து திரையில் தெரிகிறது.

பதில்: முதல் கணினியில் உங்கள் ஸ்கிரிப்ட்டை பேஷ் என்ற ஷெல் ஓட்டுகிறது, இரண்டாவதில் டேஷ் என்ற இன்னொரு ஷெல் ஓட்டுகிறது. டெபியன், உபுண்டு அமைப்புகளில் 'எஸ்எச்' என்ற பெயரால் அழைக்கப்படுவது டேஷ் ஷெல்தான். அதன் எக்கோவுக்கு மைனஸ் ஈ என்ற விருப்பமே கிடையாது. எக்கோவை விட்டுவிட்டுப் பிரிண்ட்எஃப் கட்டளைக்கு மாறுங்கள். எஸ்கேப்பை \033 என்றே எழுதுங்கள்; பின்சாய்கோடும் சிறிய ஈ-யும் சேர்ந்த சுருக்க வடிவம் எல்லா ஷெல்களுக்கும் தெரியாது. கோப்புப் பெயர் போன்ற வெளித்தரவைப் பிரிண்ட்எஃப்பின் வடிவச் சரத்துக்குள் நேரடியாக வைக்காமல், %க்குப் பின் எஸ் எழுதி, இரண்டாவது உள்ளீடாகக் கொடுங்கள். பெயரில் ஒரு % குறி இருந்தாலே வெளியீடு குலைந்துவிடும்.

கேள்வி: திரையில் அழகாகத் தெரியும் நிறங்கள், வெளியீட்டைக் கோப்பில் சேமித்தால் குப்பையாகத் தெரிகின்றன. குறித்த நேரத்தில் வேலைகளைத் தானே தொடங்கும் கிரான் மூலம் ஓடும்போது டிபுட் பிழையும் காட்டுகிறது.

பதில்: கேட் கட்டளையை மைனஸ் வி விருப்பத்துடன் அந்தக் கோப்பின் மீது ஓட்டிப் பாருங்கள். ஒவ்வொரு சிவப்புச் சொல்லுக்கும் முன்னால் ^[[31 என்றும் ஓர் எம் என்றும் தெரியும். முனையம் உட்கொண்டு செயல்படுத்தியிருக்க வேண்டிய பைட்டுகள், செயல்படுத்த ஆளில்லாத இடத்தில் அப்படியே தங்கிவிட்டன.

எழுதும் இடம் முனையந்தானா என்று ஸ்கிரிப்ட் முதலில் கேட்க வேண்டும். சதுர அடைப்புச் சோதனைக்குள் மைனஸ் டி, அடுத்து 1 என்று எழுதினால், வழக்கமான வெளியீடு முனையத்தோடு இணைந்திருக்கிறதா என்பது தெரிந்துவிடும். இணைந்திருந்தால் மட்டும் நிற மாறிகளுக்கு டிபுட்டிடம் மதிப்பு வாங்குங்கள். இல்லையென்றால் அவற்றை வெறுமையாக விடுங்கள். ஸ்கிரிப்ட்டின் மற்ற வரிகள் எதையும் மாற்ற வேண்டியதில்லை, ஏனெனில் வெறுமையான மாறி அச்சிடப்படும்போது எதுவும் வெளிவராது. எல்எஸ், கிரெப் கட்டளைகளின் நிற விருப்பத்துக்கு 'ஆட்டோ' என்று கொடுத்தால் அவையும் இதையே செய்கின்றன. கிரான் ஓட்டும்போது முனையமும் இல்லை, பெரும்பாலும் டெர்ம் மாறிக்கு மதிப்பும் இல்லை. ஆகவேதான் டிபுட் பிழை சொல்கிறது. மேற்சொன்ன சோதனையே அதையும் தீர்த்துவிடும்.

முனையத்தில் இருந்தும் நிறம் வேண்டாம் என்று நினைப்பவர்கள் உண்டு. அவர்களுக்காக 'நோ_கலர்' என்ற சூழல் மாறியை மதிக்கும் வழக்கம் 2017 முதல் பரவியிருக்கிறது. முழுதும் பெரிய எழுத்துகளில் அமையும் அந்த மாறிக்கு ஏதேனும் மதிப்பு இருந்தால் நிறத்தைக் கைவிட வேண்டும். இதை மதிக்க ஒரே ஒரு நிபந்தனை போதும் என்பதால், நிறம் பிரித்தறிய இயலாதவர்களையும் திரைவாசிப்பானைப் பயன்படுத்துவோரையும் எண்ணி, தயவுசெய்து சேர்த்துவிடுங்கள். அதே காரணத்தால், தோல்வி என்ற செய்தியைச் சிவப்பு நிறத்தால் மட்டும் சொல்லாமல் சொல்லாலும் சொல்லுங்கள்.

கேள்வி: கோப்புகளை நகலெடுக்கும்போது, நடப்புக் கோப்பின் பெயரை ஒரே வரியில் மாற்றி மாற்றிக் காட்ட விரும்புகிறேன். முந்தைய பெயரின் வால் ஒட்டிக்கொண்டே இருக்கிறது. சில நேரம் வரிகள் கீழே அடுக்கிக்கொண்டும் போகின்றன.

பதில்: வரியின் தொடக்கத்துக்குத் திரும்பும் எழுத்து கர்சரை மட்டுமே நகர்த்துகிறது, எதையும் அழிப்பதில்லை. 20 எழுத்துப் பெயரின் மேல் 8 எழுத்துப் பெயரை எழுதினால் மீதி 12 எழுத்துகள் அங்கேயே நிற்கும். புதிய பெயரை எழுதியவுடன் \033[ என்பதன் பின் பெரிய கே என்ற குறியை, அதாவது 'டிபுட் இஎல்' தரும் குறியை அனுப்புங்கள். கர்சரிலிருந்து வரியின் இறுதிவரை துப்புரவாகிவிடும்.

வரிகள் அடுக்கிக்கொள்வதற்குக் காரணம் வேறு. செய்தி திரையின் அகலத்தைத் தாண்டும்போது முனையம் அதை மடித்து அடுத்த வரியில் தொடர்கிறது; அதன் பின் வரும் 'தொடக்கத்துக்குத் திரும்பு' என்ற ஆணை, மடிந்த இரண்டாம் வரியின் தொடக்கத்துக்கே போகிறது. முதல் வரி மேலே எச்சமாக நின்றுவிடுகிறது. 'டிபுட் கால்ஸ்' தரும் அகலத்துக்குள் அடங்குமாறு செய்தியை வெட்டிவிட்டே அச்சிட வேண்டும். இந்த நிலவரச் செய்தியை வழக்கமான வெளியீட்டில் கலக்காமல் பிழை வெளியீட்டுக்கு, அதாவது 2ஆம் எண்ணுக்கு அனுப்புங்கள். அப்போதுதான் உங்கள் ஸ்கிரிப்ட்டின் வெளியீட்டை இன்னொரு கட்டளைக்குப் பைப் வழியே கொடுப்பவர் தரவை மட்டும் பெறுவார்.

முழுத்திரையையும் நொடிக்கொருமுறை புதுப்பிப்பவர்கள் ஒவ்வொரு முறையும் கிளியர் கட்டளையை அழைத்துத் திரையை மினுமினுக்க வைக்கிறார்கள். அழித்த பின் எழுதுவதால்தான் அந்த வெறுமை கண்ணில் படுகிறது. கர்சரை இடது மேல் மூலைக்குக் கொண்டுசென்று, பழைய வரியின் மேலேயே புதிய வரியை எழுதி, ஒவ்வொரு வரியின் முடிவிலும் எஞ்சியதை அழித்து, இறுதியில் 'டிபுட் இடி' மூலம் கீழ்ப்பகுதியைத் துடைத்தால் மினுமினுப்பு நின்றுவிடும். அத்தனை வரிகளையும் ஒரு மாறியில் சேர்த்து ஒரே பிரிண்ட்எஃப்பில் அனுப்பினால் இன்னும் நன்று. இன்றைய அமைப்புகளில் கிளியர் கட்டளை, மேலே உருட்டிப் பார்க்கும் பழைய வெளியீட்டையும் சேர்த்து அழிக்கக்கூடும். பயனர் ஒரு மணி நேரம் செய்த வேலையின் தடயங்கள் அங்கே இருக்கலாம். அவற்றை அழிக்க நம் ஸ்கிரிப்ட்டுக்கு உரிமை இல்லை.

கேள்வி: என் ஸ்கிரிப்ட் ஓடும்போது கன்ட்ரோல்–சி அழுத்தி நிறுத்தினால் கர்சர் காணாமல் போகிறது. சில நேரம் தட்டச்சு செய்வதும் தெரிவதில்லை. சன்னலை மூடித் திறப்பதைத் தவிர வேறு வழி இல்லையா?

பதில்: வந்த கேள்விகளிலேயே முக்கியமானதாக நான் கருதுவது இதுதான். முனையம் ஸ்கிரிப்ட்டுக்குச் சொந்தமானதன்று. அதற்கு முன்பும் பின்பும் பயனர் அதில் வேலை செய்கிறார். கர்சரை மறைத்தல், தட்டச்சு செய்வதைத் திரையில் காட்டும் எதிரொலியை நிறுத்தல், பயனரின் திரையை ஒதுக்கிவைத்துவிட்டுத் தனியான மாற்றுத்திரைக்குப் போதல் ஆகிய மாற்றங்கள் முனையத்தில் பதிவாகின்றன. ஸ்கிரிப்ட் இறந்தாலும் அவை இறப்பதில்லை. ஆண்டுகளுக்கு முன் நான் எழுதிய காப்புப் பிரதி ஸ்கிரிப்ட் ஒன்றை இடையில் நிறுத்திய ஒருவர், கர்சரும் எழுத்தும் தெரியாத திரையைப் பார்த்து, கணினியைத் தாம் கெடுத்துவிட்டதாக அஞ்சி என்னை அழைத்தார். அன்று முதல், மீட்டுக் கொடுக்கும் வரியை எழுதாமல் மாற்றும் வரியை நான் எழுதுவதில்லை.

முதலில், மீட்பு வேலைகளை ஒரு செயற்கூறாக எழுதுங்கள். மறைத்த கர்சரைத் திரும்பக் கொண்டுவர 'டிபுட் சிநார்ம்', நிறங்களை நீக்க 'டிபுட் எஸ்ஜிஆர்0', மாற்றுத்திரையிலிருந்து வெளியேற 'டிபுட் ஆர்எம்கப்' ஆகியவை அதில் இடம்பெறும். எதிரொலி முதலிய விசைப்பலகை அமைப்புகளுக்கு, தொடக்கத்திலேயே 'எஸ்டிடிஒய் மைனஸ் ஜி' தரும் சரத்தை ஒரு மாறியில் சேமித்து, மீட்பின்போது அதே சரத்தை எஸ்டிடிஒய் கட்டளைக்குத் திருப்பிக் கொடுங்கள். எதிரொலியை வெறுமனே இயக்கிவிடுவதைவிட இது சிறந்தது, ஏனெனில் பயனர் தம் விருப்பப்படி வைத்திருந்த அமைப்பு அப்படியே திரும்பும்.

அடுத்து டிராப். ஸ்கிரிப்ட் முடியும்போதோ, நிரலுக்கு அமைப்பு அனுப்பும் அறிவிப்பான சிக்னல் வரும்போதோ எதை ஓட்ட வேண்டும் என்று ஷெல்லிடம் முன்கூட்டியே சொல்லிவைக்கும் கட்டளை இது. எக்ஸிட் நிகழ்வுக்கு இந்தச் செயற்கூறைக் கட்டிவிடுங்கள். பேஷ் ஷெல்லில் கன்ட்ரோல்–சி வந்தாலும் எக்ஸிட் டிராப் ஓடும். டேஷ் ஷெல்லில் சிக்னலால் முடியும்போது ஓடாது. எனவே கன்ட்ரோல்–சி அனுப்பும் இன்ட் சிக்னலுக்கு 'எக்ஸிட் 130', நிரலை முடிக்கச் சொல்லும் டெர்ம் சிக்னலுக்கு (சூழல் மாறியான டெர்ம் வேறு) 'எக்ஸிட் 143' என்று தனித்தனி டிராப்புகளும் வையுங்கள். சிக்னலின் எண்ணோடு 128ஐக் கூட்டிய மதிப்புகள் இவை. சிக்னல் எக்ஸிட்டை அழைக்க, எக்ஸிட் மீட்புச் செயற்கூறை அழைக்கும். மீட்பு ஒரே இடத்தில் ஒருமுறை மட்டுமே நடக்கும்.

வரிசையில் கவனம் தேவை. டிராப் வரிகள் முதலில், கர்சரை மறைக்கும் 'டிபுட் சிவிஸ்' அதற்குப் பின் என்றே எழுத வேண்டும். மாற்றி எழுதினால், இரண்டு வரிகளுக்கும் இடைப்பட்ட கணத்தில் நிறுத்தப்படும் ஸ்கிரிப்ட் கர்சரை மறைத்த நிலையிலேயே போய்விடும். முழுத்திரையைப் பயன்படுத்தும் ஸ்கிரிப்ட் என்றால் 'டிபுட் எஸ்எம்கப்' மூலம் மாற்றுத்திரைக்குச் செல்லுங்கள்; வெளியேறும்போது பயனரின் பழைய திரை, வைத்தது வைத்தபடி திரும்பும். விஐஎம், லெஸ் போன்றவற்றை மூடும்போது முந்தைய திரை மீண்டும் தெரிவது இந்த வசதியால்தான்.

9ஆம் எண் சிக்னலை மட்டும் எந்த டிராப்பும் பிடிக்க முடியாது. அப்படிக் கொல்லப்பட்ட ஸ்கிரிப்ட் திரையைக் குலைத்துவிட்டுப் போயிருந்தால், எழுத்து தெரியாவிட்டாலும் 'ரீசெட்' என்றோ 'எஸ்டிடிஒய் சேன்' என்றோ தட்டச்சு செய்து என்டரை அழுத்துங்கள். என்டர் வேலை செய்யவில்லையென்றால் அதற்குப் பதிலாகக் கன்ட்ரோல்–ஜே அழுத்துங்கள். சன்னலை மூட வேண்டியதில்லை.

கேள்வி: கட்டளைக்குக் காத்திருக்கும்போது பேஷ் காட்டும் பிராம்ப்ட்டுக்கு நிறம் சேர்த்தேன். நீளமான கட்டளையைத் தட்டச்சு செய்தால், வரி மடியாமல் தன் மேலேயே எழுதிக்கொள்கிறது.

பதில்: பிராம்ப்ட்டின் நீளத்தைக் கணக்கிடும்போது, கண்ணுக்குத் தெரியாத நிறக்குறிகளையும் பேஷ் எழுத்துகளாக எண்ணிவிடுகிறது. ஒவ்வொரு நிறக்குறிக்கும் முன்னால் \[ என்றும் பின்னால் \] என்றும் சேருங்கள். அவற்றுக்கு இடைப்பட்டதை பேஷ் நீளத்தில் சேர்க்காது.

கேள்வி: ஸ்கிரிப்ட் ஓடிக்கொண்டிருக்கும்போது சன்னலின் அளவை மாற்றினால் காட்சி குலைந்துவிடுகிறது. புதிய அளவை எப்படி அறிவது?

பதில்: அளவு மாறும்போதெல்லாம் முன்னணியில் ஓடும் நிரலுக்கு வின்ச் என்ற சிக்னல் வருகிறது. அதற்கு ஒரு டிராப் வைத்து, அதற்குள் ஒரு மாறியை 1 ஆக்குவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். முதன்மைச் சுழற்சி அந்த மாறியைப் பார்த்து, 'டிபுட் லைன்ஸ்', 'டிபுட் கால்ஸ்' மூலம் புதிய அளவைக் கேட்டுத் திரையை மீண்டும் வரையட்டும். டிராப்புக்குள்ளேயே வரையத் தொடங்கினால், பாதி எழுதிய வரியின் நடுவே இன்னொரு வரைதல் புகுந்துவிடும்.

பலரையும் குழப்புவது இதில் வரும் தாமதம். ஷெல், தான் தொடங்கிய கட்டளை முடியும்வரை டிராப்பை ஓட்டாது. ஸ்லீப் 60 என்று எழுதியிருந்தால், சன்னலை மாற்றி ஒரு நிமிடம் கழித்துத்தான் திரை சீராகலாம். ஸ்லீப்பைப் பின்னணியில் ஓடவிட்டு, வெயிட் கட்டளையால் அதற்குக் காத்திருங்கள். சிக்னல் வந்தவுடன் வெயிட் விடுபட்டு, டிராப் உடனே ஓடும். லைன்ஸ், காலம்ஸ் என்ற சூழல் மாறிகளை எங்கேனும் ஏற்றுமதி செய்து வைத்திருந்தால், டிபுட் அந்தப் பழைய எண்களையே திரும்பத் திரும்பச் சொல்லும் என்பதையும் சரிபாருங்கள்.

கேள்வி: ஆங்கிலப் பெயர்களை நெடுவரிசையாக அச்சிட்டால் நேராக நிற்கின்றன. தமிழ்ப் பெயர்களை அச்சிட்டால் அடுத்த நெடுவரிசை ஒவ்வொரு வரியிலும் ஓரிடத்தில் நிற்கிறது. பிரிண்ட்எஃப்பில் அகலம் 20 என்றுதான் கொடுத்திருக்கிறேன்.

பதில்: 'தமிழ்' என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். நமக்கு அது மூன்றெழுத்து. யூனிகோட்டில் த, ம, இகர உயிர்க்குறி, ழ, புள்ளி என ஐந்து குறியீடுகள். யூடிஎஃப்–8இல் ஒவ்வொரு குறியீடும் 3 பைட்டுகள் என்பதால் மொத்தம் 15 பைட்டுகள். பேஷின் பிரிண்ட்எஃப், கொடுத்த அகலத்தைப் பைட்டுகளால் அளக்கிறது. 20இல் 15 போய்விட்டது என்று கணக்கிட்டு 5 இடைவெளிகளை மட்டும் சேர்க்கிறது. ஐந்தெழுத்து ஆங்கிலச் சொல்லுக்கு அதே கட்டளை 15 இடைவெளிகளைச் சேர்க்கும்.

மாறியின் நீளத்தைக் கேட்டால் பேஷ் 5 என்று குறியீடுகளின் எண்ணிக்கையைச் சொல்லும். அதுவும் நமக்கு வேண்டிய விடையன்று. திரையில் அந்தச் சொல் எத்தனை கட்டங்களை அடைக்கிறது என்பதே தேவை. புள்ளிக்குத் தனிக் கட்டம் தரப்படுவதில்லை. உயிர்க்குறிகளுக்குத் தரும் கட்டங்களில் முனைய நிரல்கள் தம்முள் வேறுபடுகின்றன. ஸ்கிரிப்ட்டுக்குள் எப்படிக் கணக்குப் போட்டாலும் எல்லா முனையங்களுக்கும் பொருந்தும் எண் கிடைக்காது.

கணக்குப் போடுவதை விட்டுவிட்டு, கர்சரை இட்ட இடத்தில் வைப்பதே தீர்வு. முதல் பெயரை இடைவெளி சேர்க்காமல் அச்சிடுங்கள். பிறகு \033[30 என்பதன் பின் பெரிய ஜி எழுத்தை அனுப்புங்கள், பெயர் எத்தனை கட்டங்களை அடைத்திருந்தாலும் கர்சர் 30ஆம் நெடுவரிசையில் போய் நிற்கும். அங்கிருந்து அடுத்த பகுதியை அச்சிடுங்கள். டிபுட்டில் இதற்கு 'எச்பிஏ 29' என்று எழுத வேண்டும். உங்கள் முனைய வகையின் விவரத்தில் அந்தத் திறன் இல்லையென்றால், வரியின் தொடக்கத்துக்குத் திரும்பி, 'டிபுட் சியூஎஃப் 29' மூலம் 29 கட்டங்கள் வலப்புறம் நகருங்கள். நகர்வது எழுத்துகளை அழிக்காது. முதல் பெயர் 30ஆம் இடத்தையும் தாண்டி நீண்டால் அதன் வாலின் மேல் அடுத்த பகுதி விழும் என்பதால், நெடுவரிசைக்குத் தாராளமாக இடம் விடுங்கள். தமிழ் உரை ஒன்றே ஒன்றுதான் என்றால், எண், தேதி, அளவு ஆகியவற்றை முன்னால் அச்சிட்டுத் தமிழைக் கடைசி நெடுவரிசையில் வைப்பது இன்னும் எளிது. அதன் பின் ஒட்டிச் சீராக்க எதுவும் இருக்காது.

வெளியீடு கோப்புக்குப் போகும்போது கர்சர் குறிகளை அனுப்பாமல், நெடுவரிசைகளை டேப் எழுத்தால் பிரித்து எழுதுங்கள். எகர, ஒகர உயிர்க்குறிகள் இடம் மாறித் தெரிந்தால் அது முனைய நிரலின் எழுத்துக்கோப்புக் குறை. ஸ்கிரிப்ட்டால் அதைத் திருத்த முடியாது, வேறு முனைய நிரலில் திறந்து பாருங்கள்.